பெயரை மட்டும் மாற்றினோம்

போன சனிக்கிழமை மதியம் கோபர்கைரனேயில் ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. 'வாங்க' என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

பக்கத்தில் மல்லிகா டீச்சர். கையில் ஆப்பிள் பை. அதை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தார்.

கூப்பிடாத வீட்டுக்கு ஏன் போனீர்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்ல இரண்டு மாதம் பின்னால் போக வேண்டும்.

இதே பத்திரிகையில், இதே பக்கத்தில் நான் பெருமை அடித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்குப் போனேன், ஆசிரியர்களுக்கு ஏஐ சொல்லிக்கொடுத்தேன், ஒரு டீச்சர் எழுதியதைப் பார்த்து ஹாலே கை தட்டியது என்றெல்லாம் எழுதியிருந்தேன். நிறையப் பேர் பாராட்டியிருந்தீர்கள். மாட்டுங்காவிலிருந்து ஒரு வாசகி, 'எங்க ஹவுசிங் சொசைட்டிக்கும் வாங்களேன்' என்று கேட்டிருந்தார். அந்தப் பாராட்டை எல்லாம் இன்று திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

நான் ஒரு கம்பெனியில் டிரெயினிங் டிபார்ட்மென்ட்டில் காலம் தள்ளியவள். இப்போது செம்பூரில் வீட்டோடு இருக்கிறேன். 'வேலைதான் ரிட்டயர் ஆச்சு, வாய் ஆகலை' என்பார் என் கணவர். அதனால் அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியர் போன் செய்தபோது மறு பேச்சில்லாமல் ஒப்புக்கொண்டேன்.

பயிற்சியில் முதலில் வருவது பிராம்ப்ட். அது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஏஐயிடம் நமக்கு என்ன வேண்டும் என்று எழுதுவது. அவ்வளவுதான். ஆனால் எழுதுவதைப் பொறுத்துத்தான் கிடைக்கும். இதை விளக்க நான் மெனக்கெடவே இல்லை. தலைமை ஆசிரியரே விளக்கிவிட்டார்.

அவர் டைப் செய்தது இது. 'ஐயா, வணக்கம். நான்காம் வகுப்பு மாணவர்களுக்கு அளவைகள் பாடத்தில் சில கணக்குகள் தந்து உதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.'

ஏஐயும் பணிவாகவே பதில் தந்தது. கிணற்றின் ஆழம், வயலின் நீளம், வண்டியில் ஏற்றிய நெல் மூட்டை… தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் வளரும் பிள்ளை கிணற்றுக்கு எங்கே போகும்?

"விவரம் கொடுங்க சார்" என்றேன். "பிள்ளைங்க எங்கே இருக்காங்க, எதைப் பார்க்கிறாங்க, என்ன சாப்பிடறாங்க, எந்த இடத்திலே தடுமாறறாங்க… எல்லாம் சொல்லுங்க."

அவர் மறுபடி எழுதினார். தாராவிப் பிள்ளைகள், காலையில் குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள், லோக்கல் டிரெயினில் போகிறவர்கள். இந்த முறை வந்த கணக்குகளில் தண்ணீர் டிரம் இருந்தது, கேன் இருந்தது, பிளாட்பாரத்தின் நீளம் இருந்தது. மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும்தான்! விவரம், விவரம், மேலும் விவரம் என்று போர்டில் பெரிதாக எழுதினேன்.

அதற்கு அடுத்ததாக ஒரு பயிற்சி கொடுத்தேன். கம்பெனியில் நான் வழக்கமாகக் கொடுப்பதுதான், பள்ளிக்காகக் கொஞ்சம் மாற்றினேன். 'உங்க கிளாஸ்லே பின்தங்கிப் போன ஒரே ஒரு பிள்ளையை நினைச்சுக்குங்க. அந்தப் பிள்ளைக்காக ஒரு பாடம் கேளுங்க.'

எல்லோரும் சட்டென்று எழுதி முடித்துவிட்டார்கள். மல்லிகா டீச்சர் மட்டும் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். ஐந்தாம் வகுப்பு டீச்சர். வடாலாவிலிருந்து வருகிறவர். அதிகம் பேசாதவர். டீ வந்து ஆறிப்போனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

அவர் வகுப்பில் ஒரு பெண். பத்து வயது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவள், திடீரென்று கணக்கில் எல்லாவற்றையும் தப்பாகப் போட ஆரம்பித்தாள். கேட்டால் பேச்சில்லை. டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். காலியான வகுப்பறையில் சின்ன பெஞ்சில் உட்கார்ந்து அந்த அம்மா எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள்.

விஷயம் இதுதான். வீட்டுக்காரன் இவர்களை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது. இதே ஊரில், காட்கோபரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறான். ஆனால் இவர்கள் குடியிருந்த வீட்டு வரிசையில் எல்லோருக்கும், அவன் துபாயில் வேலை பார்க்கிறான். இவள்தான் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறாள். வெறுமனே சொன்னால் நம்புவார்களா? அதனால் ரெண்டு மூணு மாதத்துக்கு ஒரு முறை மார்க்கெட்டில் ஃபாரின் சாக்லேட் பாக்கெட் வாங்கி வந்து, பளபள தாளைப் பிரித்து, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுப்பாள். 'அவிய அனுப்பிச்சாவ.'

பெண்ணும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அத்தையோடு போனபோது காட்கோபர் ஸ்டேஷனில் அப்பாவைப் பார்த்துவிட்டாள். தோளில் ஒரு குழந்தையோடு. அன்றிலிருந்துதான் கணக்கு தப்பாகப் போகிறது.

"டீச்சர், ஒருத்தர்ட்டயும் சொல்லிராதிய" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள் அந்த அம்மா.

மல்லிகா டீச்சர் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. உண்மை. ஏஐயிடம் மட்டும்தான் சொன்னார். அது ஆள் இல்லையே! விவரம் கேட்டதும் நான்தானே!

வந்த பாடத்தைப் பார்க்க வேண்டுமே… நான் இத்தனை வருடத்தில் பார்த்த டிரெயினிங் மெட்டீரியல் எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது. லதா என்று ஒரு சிறுமி. அப்பா வெளிநாட்டில் இருப்பதாகத் தெரு நம்புகிறது. உண்மையில் அவர் இதே ஊரில் வேறு வீட்டில் இருக்கிறார். அம்மா கடையில் சாக்லேட் வாங்கி வந்து, அப்பா அனுப்பியதாகப் பங்கு வைக்கிறாள். மூன்றில் ஒரு பங்கு மேல் வீட்டுக்கு, நான்கில் ஒரு பங்கு எதிர் வீட்டுக்கு, மீதி எவ்வளவு? கணக்குக்கு நடுவே கதை, கதைக்கு நடுவே கணக்கு. கடைசியில் லதா தன் அம்மாவிடம் சொல்கிறாள், 'பின்னமும் ஒரு எண்தானே அம்மா. நாம் ரெண்டு பேரும் குறைந்துபோய்விடவில்லை.'

அதைப் புரொஜெக்டரில் போட்டேன். நானேதான் போட்டேன். ஒரு டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மற்றவர்கள் கை தட்டினார்கள்.

கை தட்டல் அடங்கியதும், விஷயம் தெரிந்தவள் போல ஒரு கேள்வி கேட்டேன். "பேரை மாத்திட்டீங்களா?"

"மாத்திட்டேன் மேடம். லதான்னு ஒரு பிள்ளை என் கிளாஸ்லயே கிடையாது. துபாயை சவுதின்னு ஆக்கிட்டேன். காட்கோபரையும் எடுத்துட்டேன்."

"பெர்ஃபெக்ட்! பேரையும் ஊரையும் மாத்திட்டா போதும். இனி இதை எல்லா பசங்களுக்கும் கொடுக்கலாம்."

கம்பெனிப் பழக்கம் அப்படி. அங்கே ஒரு ஆள் என்றால் ஒரு பெயர், ஒரு எம்ப்ளாயி நம்பர். இரண்டையும் அழித்துவிட்டால் ஆளே மறைந்துவிடுவார். பிறகு அந்த ஃபைலை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். தாராவியில் மனிதர்களை எப்படி அடையாளம் சொல்கிறார்கள் என்று எனக்கு என்ன தெரியும்? நான்கு ஸ்டேஷன் தள்ளி இருந்துகொண்டு, தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாக்லேட்டை ஏன் மாற்றவில்லை? அது எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் விவரமாகவே படவில்லை. பின்னக் கணக்குக்குப் பங்கு போட ஏதாவது ஒரு பொருள் வேண்டும். சாக்லேட் வசதியாக இருந்தது.

திங்கட்கிழமை மல்லிகா டீச்சர் அதை ஜெராக்ஸ் எடுத்து வகுப்பில் கொடுத்தார். அவருக்கு இன்னொரு எண்ணமும் இருந்தது. அப்பா வீட்டை விட்டுப் போன பிள்ளைகள் அந்த வகுப்பில் வேறு சிலரும் இருந்தார்கள். எல்லோருக்கும் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தார். முன் பெஞ்சில் ஒரு பெண் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தாள். மேல் வீட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற இடத்தில் நிறுத்தினாள். முகம் பூத்துவிட்டது அவளுக்கு.

"டீச்சர், இது நம்ம சாக்லேட்டக்கா கதைதான?"

கேலி இல்லை. பாடத்தில் தெரிந்தவர்கள் வந்துவிட்ட சந்தோஷம். பின்னாலிருந்து இன்னொரு குரல், "ஆமா டீச்சர், நாங்கதான் மேல் வீடு!" என்றது. மூன்றாவதாக ஒரு பையன் யோசித்துவிட்டுக் கேட்டான். "அப்ப அந்த அங்கிள் துபாய்ல இல்லையா டீச்சர்?"

வகுப்பில் பாதிப் பேர் அந்தச் சாக்லேட்டைத் தின்றவர்கள். அந்த வரிசையில் அந்த அம்மாவின் பெயர் யாருக்கும் தெரியாது. இட்லி ஆச்சி, தையக்கார மாமி, பட்டன் பாய் வீடு என்பது போல, அவள் சாக்லேட்டக்கா. பெண், சாக்லேட்டக்கா மகள். நாங்கள் மாற்றிய பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிற பெயர். மாற்றாமல் விட்டதுதான் அவள் முகவரி. வடாலாவிலிருந்து வந்து போகும் மல்லிகா டீச்சருக்கு அன்று காலைதான் அது தெரிந்தது.

அந்தப் பெண் அழவில்லையாம். தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவள் திரும்பி வரவில்லை. டீச்சர் தாள்களை எல்லாம் திரும்ப வாங்கினார். வாங்கி என்ன செய்ய? சாயந்தரத்துக்குள் வரிசை முழுக்கத் தெரிந்துவிட்டது.

மூன்றாவது வாரம் அம்மா வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மல்லிகா டீச்சர் இருந்த பக்கமே திரும்பவில்லை. அன்றுதான் டீச்சர் எனக்குப் போன் செய்தார். நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை நிறுத்தினார். ஒரு தடவைகூட 'நீங்கதானே சொன்னீங்க' என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அப்படித்தான் அந்த வாசலுக்கு வந்து சேர்ந்தோம். யாரிடமோ விலாசம் கேட்டு, ஹார்பர் லைன் பிடித்து, வாசியில் மாறி. பாலத்தின் மேல் வண்டி போகும்போது என்ன பேசுவது என்று இரண்டு பேரும் ஒத்திகை பார்த்தோம்.

மிக்ஸி நின்றது. அந்த அம்மா வெளியே வந்தாள். இது அவளுடைய அக்கா வீடு. எங்களைப் பார்த்துவிட்டு நிலைப்படியிலேயே நின்றுகொண்டாள்.

"நான் உங்க ஒருத்தர்ட்டதான டீச்சர் சொன்னேன்?"

மல்லிகா டீச்சர் அழ ஆரம்பித்துவிட்டார். நான் முன்னால் போய், "தப்பு என்மேலேதாம்மா. பேரை மாத்தினா போதும்னு நான்தான் சொன்னேன்" என்றேன்.

"நீங்க யாரு?"

அவள் வாழ்க்கையில் இவ்வளவு தூரம் நுழைந்துவிட்டு, யார் என்று சொல்ல ஒரு வார்த்தை இல்லை. "டீச்சருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவ" என்றேன்.

அவள் கத்தவில்லை. கத்தினால் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் போயிருந்தேன். ஒரு ஸ்டூலை இழுத்து வெளியே போட்டாள். டீச்சரை உட்காரச் சொன்னாள்.

"பொம்பளையளு ஏசல மேடம். பாவம்னாளுவ. அதத்தான் தாங்க முடியல. ரெண்டு வருசமா என் கையால சாக்லேட் வாங்கித் தின்னவளுவ, 'இந்தா கொழம்பு'ன்னு கிண்ணத்த நீட்டுதாளுவ."

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அதக்கூடப் பொறுத்துக்கிடலாம். புருசன் துபாய்ல இருக்கான், எப்ப வேணா வருவான்னா ஒரு பய வாசப் பக்கம் வர மாட்டான். நான் வேலை பாத்த பட்டறை சூப்பர்வைசருக்கு ரெண்டு வருசமா எங்க வீடு எங்கன்னே தெரியாது. விசயம் தெரிஞ்சதும், ஏதும் ஒத்தாசை வேணுமான்னு வீடு தேடி வாரான். ஒரு நாளு வந்தான், மறுநாளும் வந்தான். பொம்பளப் பிள்ளைய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? கெளம்பிட்டேன்."

இதை நாங்கள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஏதோ கௌரவத்துக்காகச் சொன்ன பொய் என்று நான் எண்ணியிருந்தேன். அந்தக் கதையை ஹாலில் வாசித்தபோது, 'பாவம், உண்மையை ஒத்துக்கொண்டால் நிம்மதியாக இருக்கலாமே' என்றுகூடத் தோன்றியது. அவள் அந்தச் சாக்லேட்டில் வீட்டுக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கிக்கொண்டிருந்தாள். அதை நாங்கள் கழற்றி, ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டோம்.

கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இதை நான் பத்திரிகையிலே எழுதலாமாம்மா? இன்னொரு டீச்சர் இதைப் பண்ணக் கூடாதுன்னுதான்."

"எழுதுங்க. ஆனா பேர மட்டும் மாத்திட்டு எழுதாதிய."

ஆகவே, அன்பு வாசகர்களே, நான் சாக்லேட் என்று எழுதியிருக்கிறேனே, அது சாக்லேட் இல்லை. துபாய் துபாய் இல்லை. காட்கோபர்… கோபர்கைரனே… விடுங்கள். எழுதி முடித்ததும் போனில் முழுவதையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் மாற்றச் சொன்னாள். மாற்றினேன். ஒரு இடத்தை எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டேன். அதுதான் இருப்பதிலேயே நல்ல பாராவாக இருந்தது.

தலைமை ஆசிரியர் இரண்டாவது பேட்ச் எப்போது என்று கேட்கிறார். போவேன். ஏஐ வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் டிரம் கணக்கு நல்ல கணக்குதான். ஊரைச் சொல்லுங்கள், வகுப்பைச் சொல்லுங்கள், எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று சொல்லுங்கள். ஆனால் ஒரு பிள்ளை வீட்டு விஷயத்தை டைப் செய்ய விரல் போனால், அந்த அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். விரல் தானாக நின்றுவிடும். என்னிடம் இதற்கு மேல் டெக்னிக் எதுவும் இல்லை. இதையும் முதல் பேட்ச்சுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

கிளம்பும் நேரத்துக்கு அந்தப் பெண் ஸ்கூலிலிருந்து வந்துவிட்டாள். இங்கே பக்கத்தில் தமிழ்ப் பள்ளி இல்லை; இந்தி மீடியத்தில் சேர்த்திருக்கிறார்கள். மல்லிகா டீச்சரைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றாள். "நமஸ்தே டீச்சர்" என்றாள். ஆப்பிள் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"புது ஸ்கூல்ல, அப்பா என்ன பண்றார்னு கேட்டிருக்காவ. செத்துட்டார்னு சொல்லியிருக்கா மேடம். நான் சொல்லிக் குடுக்கல, அவளாத்தான் சொல்லியிருக்கா. ஏட்டி, துபாய்னே சொல்லியிருக்கலாம்லான்னேன். துபாய்னா எப்ப வருவார்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்கம்மா, செத்துட்டார்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கங்கா."

டீச்சர்கள் வழக்கமாகக் கேட்பதைத்தான் மல்லிகா டீச்சர் கேட்டார். "கணக்கு எப்படிப் போடுறா?"

பின்னத்தில் இப்போது அவளுக்குத் தப்பே வருவதில்லையாம்.